பெரியம்மாவின் முப்பத்தொன்றாம் தேதி

எனக்கு ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, வருடத்தில் ஏழு நாள் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார்.

அவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. அப்பாவின் ஆட்டோவில் மாதம் ஒரு முறை சவாரி வருகிறவர், அவ்வளவுதான். அப்பா அவரைப் ‘பெரிம்மா’ என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். அப்பாவுக்குப் பெரியம்மா என்றால் எனக்கு வேறு முறைதான் வர வேண்டும் என்று யாரும் என்னைத் திருத்தவில்லை. அவரும் திருத்தவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண் தன்னைப் பெரியம்மா என்று அழைப்பது அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ.

எங்கள் வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்தால் உலை கொதிக்கிற சத்தமும் அலைச் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். அப்பாவுடன் பிறந்த எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அப்பாவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறிய கால் மணி நேரத்தில் குடலே வெளியே வந்துவிடும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று தெருவே சிரித்ததில் ரோஷப்பட்டு, ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டு, மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டார். அங்கே குளத்துத் தண்ணீர் ஆடாது என்பதால்தான் அந்த இடத்தைப் பிடித்தார் என்று அம்மா கேலி செய்வாள்.

பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் இருந்தார். நடுப்பிள்ளை தி.நகரில் மூன்றாம் மாடி. கடைக்குட்டி அடையாறில் தனி வீடு, வாசலில் கார். கணவர் காலமான பிறகு பெரியம்மா மாதம் ஒரு பிள்ளையோடு இருப்பது என்று ஏற்பாடாகியிருந்தது. ஒன்றாம் தேதி காலையில் நீலப் பெட்டி ஒன்று, ஒயர் கூடை ஒன்று, பெரியம்மா ஒருவர், ஆக மூன்றும் அப்பாவின் ஆட்டோவில் ஏறி அடுத்த பிள்ளை வீட்டில் இறங்கும்.

பிள்ளைகள் மூவரும் தங்கமானவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் நான் செய்த தப்பையே செய்வீர்கள். மூவரும் அம்மாவைத் தாங்கினார்கள். தாங்குவதில்தான் ஆளுக்கொரு விதம். மயிலாப்பூரில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியம்மா குளித்துவிட்டு வந்து மணி அடித்தால்தான் மூத்தவருக்குப் பூஜை செய்த திருப்தி வரும். தி.நகரில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று யாராவது ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். அடையாறில் உப்பு கிடையாது, ஊறுகாய் கிடையாது, மாலையில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடக்க வேண்டும், மருமகள் கையில் கடிகாரத்தோடு கூடவே நடப்பாள். பெரியம்மாவுக்கு மயிலாப்பூரில் காப்பி பிடிக்கும். தி.நகரில் சர்க்கரை இல்லாத காப்பிதான் பிடிக்கும். அடையாறில் காப்பியே பிடிக்காது.

மாதங்கள் பன்னிரண்டு, பிள்ளைகள் மூவர் என்பதால் எந்த மாதம் யாருக்கு என்பது மாறுவதே இல்லை. பிப்ரவரி எப்போதும் தி.நகருக்கே வந்தது. இரண்டு நாள் குறைகிறதே என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் அதை யாரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள். அம்மாவின் நாட்களை எண்ணுகிறவன் என்ற பெயர் மட்டும் தனக்கு வந்துவிடக் கூடாது என்பதில் மூன்று பேரும் அவ்வளவு ஜாக்கிரதை. இந்த நல்ல குணத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஒரு ஜனவரி மாதக் கடைசியில் மயிலாப்பூர் வீட்டுப் பேரன் தினசரி காலண்டரில் ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாளைக் கிழித்துவிட்டான். மறுநாள் விடிந்ததும் சுவரில் பெரிதாக ஒன்று என்ற எண் இருந்தது. மூத்தவர் வெளியூர் போயிருந்தார். மருமகள் ஒன்றைப் பார்த்தாள், பெட்டியை எடுத்து வைத்தாள், ஸ்டாண்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

ஆட்டோ ஆழ்வார்பேட்டை தாண்டும்போது அப்பாதான் கேட்டிருக்கிறார்.

“இன்னா பெரிம்மா, இன்னிக்கே கெளம்பிட்ட? நாளிக்குத்தானே ஒண்ணாந்தேதி?”

பெரியம்மா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். திரும்பிப் போனால், அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று மயிலாப்பூரில் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். ஒரு நாள் முன்னாடியே தி.நகரில் போய் இறங்கினால், அண்ணா வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று கவலைப்படுவார்கள். இரண்டும் பிரியத்தால் வருகிறவை. இரண்டையும் நினைத்து அவருக்கு அலுப்பாக இருந்தது. பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாராம். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டு, “இப்போ நான் எங்க இருக்கேன்னு லோகத்துல ஒருத்தருக்கும் தெரியாதுடா” என்றாராம்.

“அப்ப எங்க ஊட்டுக்கு வா பெரிம்மா. கடலப் பாத்துக்கினு குந்து” என்று அப்பா வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் காலை தி.நகரில் இறங்கினார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மயிலாப்பூரில் காலண்டர் விஷயம் பிறகு தெரிந்திருக்கும், தெரிந்து என்ன, அம்மா தம்பி வீட்டில்தானே இருப்பாள் என்று இருந்துவிட்டார்கள். போனில் கேட்டால் எண்ணிப் பார்த்ததாக ஆகிவிடுமே. அதற்கு அடுத்த முப்பத்தொன்றாம் தேதிகளில் பெரியம்மாவே பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். கிளம்புகிற வீட்டில், “நாளைக்குக் காத்தால அங்க வேலை இருக்கும், இன்னிக்கே போயிடறேன்” என்பார். போய்ச் சேருகிற வீட்டில் எதுவும் சொல்லத் தேவையில்லை, வழக்கம்போல் ஒன்றாம் தேதி இறங்கினால் போதும்.

காலண்டர் கதையையும் ஆட்டோவில் சிரித்த கதையையும் அப்பா எனக்குச் சொன்னது போன வருடம்தான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சில மாதங்களின் கடைசி நாளில் ஆட்டோவிலிருந்து நீலப் பெட்டி எங்கள் வீட்டில் இறங்கும், அது இறங்கினால் வீட்டில் பண்டிகை என்பது மட்டுமே.

முதல் தடவை வந்தபோது கருவாட்டு நெடி தாங்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் நுழைந்தார். மூன்றாவது தடவை, “இந்த வாசனை வந்தாதான் எனக்குத் தூக்கமே வரது” என்றார். அவர் முக்கியமாகச் செய்தது அதுதான், தூங்கியது. வாசலுக்கு நேராகப் பாயைப் போட்டு, கையைத் தலைக்கு வைத்து, காலை பத்து மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை தூங்குவார். கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டைகள் இருந்தன. அதன் வழியே விழும் வெயில் வட்டங்கள் அவர் காலடியில் தொடங்கி, புடவை மேல் ஏறி, வயிற்றைக் கடந்து, கழுத்து வரை வந்து சேரும்போது சாயங்காலமாகிவிடும். வட்டம் முகத்தில் விழுந்தால் விழித்துக்கொள்வாரே என்று நான் தலைமாட்டில் உட்கார்ந்து கையைக் குறுக்கே நீட்டி மறைப்பேன். என் உள்ளங்கையில் சூடாக ஒரு வட்டம் இருக்கும். வெளியே யாரோ படகைத் தள்ளுகிற ஏலேலோ கேட்கும். நான் விழித்திருக்கிறேனா, அவரோடு சேர்ந்து தூங்கிவிட்டேனா என்று எனக்கே தெரியாத மதியங்கள் அவை.

எழுந்ததும் மாங்காய் வேண்டும். கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி, கடற்கரை வண்டியில் விற்கிற மாங்காய். அடையாறு மருமகள் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பாள். செருப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஈர மணலில் நடப்பார். அலை வந்து காலை நனைத்தால் ஒதுங்கமாட்டார். சில நாள் பெசன்ட் நகர் டெர்மினஸில் நிற்கிற ஏதாவது ஒரு பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறுவார். எங்கே போகிறது என்று பார்க்கமாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். “எங்க போறோம் பெரிம்மா?” என்று முதல் தடவை கேட்டேன். “அதைக் கேக்காதேடி கொழந்தே, அதுக்குத்தானே வந்தேன்” என்றார்.

எங்கள் வீட்டில் அன்று மீன் குழம்பு வேண்டாம் என்று அம்மா நிறுத்தப் பார்த்தாள். பெரியம்மா விடவில்லை. “எனக்காகக் கொழந்தைகளைப் பட்டினி போடாதே. நீ ஒம்பாட்டுக்குப் பண்ணு, நேக்கு ஒரு பிடி தயிர் சாதம் போறும்.” அதைச் சாப்பிட்டபடியே அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். பதினேழு வயதில் மயிலாப்பூருக்குக் கல்யாணமாகி வந்தது. அதற்கு முன்னால் தகப்பனாருக்குச் சொல்லாமல் வாசல் தாண்டியதில்லை. அதற்குப் பின்னால் கணவருக்குச் சொல்லாமல். கணவர் பள்ளிக்கூட வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். ஆனால் கோயிலுக்குப் போய்விட்டுக் கால் மணி தாமதமாக வந்தால் வாசலிலேயே நின்றிருப்பார். “எங்க போயிருந்தேம்பார். கோவமெல்லாம் இல்லை. பாவம், கவலை. ஆனா கேப்பார். இப்போ மூணு பேர் கேக்கறா.”

“எங்கூட்டுக்காரரு நான் எங்க போனேன்னு ஒரு நாளும் கேட்டதே கெடியாதும்மா. எனுக்கு அதான் கொற” என்றாள் அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் தானும் சிரித்துவைத்தார்.

பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் மாதங்களைக் கைமுட்டியில் எண்ணக் கற்றிருந்தேன். கையை இறுக்கி மூடினால் மேடும் பள்ளமுமாக எலும்பு எழும் அல்லவா, மேட்டில் வருகிற மாதத்துக்கு முப்பத்தொன்று, பள்ளத்தில் வந்தால் குறைவு. பெரியம்மாவிடம் இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்து எண்ணிக் காட்டினேன். ஜூலை ஒரு கையின் கடைசி மேட்டில் முடிய, ஆகஸ்ட் அடுத்த கையின் முதல் மேட்டில் தொடங்கும். அடுத்தடுத்து இரண்டு மேடு. அதைப் பார்த்ததும் பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ இந்த மேடெல்லாம் என்னோடது” என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். “பள்ளமெல்லாம் அவாளோடது.”

அதிலிருந்து ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் என்னிடம் முட்டியை நீட்டச் சொல்லி, அந்த மாதத்து மேட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருந்தார், “அந்த ஊடுங்கள்ல போயி நீ வாயத் தொறக்கக் கூடாது, இன்னா?” என்று. பெரியம்மாவும் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். “தெரிஞ்சா இதுவும் போயிடும்டா.” இதுவும் என்றால் எது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

என் ஒன்பதாவது வயதில் ஒரு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி. வெயில் சற்றுத் தணிந்த மாலை. பெரியம்மா தண்ணீர் ஓரமாகத் தனியே நடந்துகொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து சிப்பி பொறுக்கி வைத்ததை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அத்தை கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“பாவம், மூணு ஆம்பளப் புள்ள பெத்துது. மாசத்துக்கு முப்பது நாளுன்னு பங்கு போட்டுக்கினானுங்க. மிச்சம் ஒரு நாளு வந்தா எவன் ஊட்லயும் எடமில்ல. நம்மாண்ட வந்து தரையில படுத்துக்கினு கீது பாரு.”

அம்மா, “அப்பிடியெல்லாம் இல்ல, சும்மா இரு” என்றாள். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. ரகசியம் அல்லவா.

அடுக்கிக்கொண்டிருந்த சிப்பிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வருடமாக நான் பண்டிகை என்று நினைத்துக்கொண்டிருந்தது இதுவா? பெரியம்மாவை யாரும் வைத்துக்கொள்ளாத நாளையா நான் முட்டியில் எண்ணி எண்ணிக் காத்திருந்தேன்? எல்லாம் ஒரு நொடியில் பொருந்திப்போயிற்று. கிளம்புகிற வீட்டில் அவர் சொல்கிற பொய், பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்ற. பாயில் அப்படி அடித்துப்போட்டதுபோல் தூங்குவது, வருத்தத்தால். தண்ணீர் ஓரம் நடந்துகொண்டிருந்த அவருடைய முதுகைப் பார்த்தேன். அது எனக்கு ஓர் அனாதையின் முதுகாகத் தெரிந்தது. உண்மையில் அவர் அப்போது மாங்காய்தான் தின்றுகொண்டிருந்தார்.

அன்று அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் புடவை நுனியைப் பிடித்தபடியே அழுதேன். நாளைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் தூக்கம் வந்தது.

மறுநாள் அடையாறு. கடைக்குட்டி மகன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருமகள் ஓடி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துச் சோபாவில் உட்கார வைத்தாள், எனக்கு ஒரு தட்டில் பிஸ்கட் கொடுத்தாள். அப்பா நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“என்ன பாப்பா, ஸ்கூல் எப்போ தெறக்கறா?” என்றார் மகன்.

நான் பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

“முப்பத்தொண்ணாந்தேதில பெரிம்மாவ ஏன் யாரும் வச்சிக்க மாட்றீங்க? நேத்து எங்கூட்ல தரையில படுத்துக்கினாங்க. எப்பவும் எங்கூட்லதான் படுத்துக்கிறாங்க.”

அப்பா கையிலிருந்த பெட்டி சத்தமில்லாமல் தரைக்கு இறங்கியது. மகன் பேப்பரை மடிக்காமலே கீழே விட்டார். தி.நகரிலிருந்து நேற்றே கிளம்பிவிட்ட அம்மா, தன் வீட்டுக்கு இன்று காலைதான் வந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுந்து வந்து பெரியம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏம்மா? நாங்க யாராவது வேண்டாம்னு சொன்னோமா? ஒரு நாள் முன்னாடி வந்தா நான் என்ன சொல்லப்போறேன்?”

பெரியம்மா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத்தான் போகிறார் என்று தோன்றியது. மகனைப் பார்த்தார், அழுகிற மருமகளைப் பார்த்தார், பெட்டியின் பக்கத்தில் தலை குனிந்து நிற்கிற அப்பாவைப் பார்த்தார். நான் வேண்டுமென்றுதான் போனேன், நீங்கள் யாரும் இல்லாத ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது என்பதை, காலைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளையிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

“தேதி மறந்து போயிடறதுடா” என்றார் பெரியம்மா. “முப்பதா முப்பத்தொண்ணான்னு கொழம்பிடறது. வயசாயிடுத்தோல்லியோ.”

அன்று சாயங்காலமே அண்ணன் தம்பி மூவரும் அந்த வீட்டில் கூடினார்கள் என்று அப்பாவுக்குப் பிறகு தெரியவந்தது. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதிருக்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பல வருடம் பேசாமலிருந்ததையெல்லாம் பேசியிருக்கிறார்கள். இனி முப்பத்தொன்றாம் தேதி வந்தால் மூன்று குடும்பமும் ஒன்றாகக் கூடி அம்மாவோடு சாப்பிடுவது, யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் கடைசிப் பிள்ளையின் கார்தான் வரும், மறதிக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்பது, அம்மாவை எங்கேயும் தனியாக அனுப்புவதில்லை. எல்லாம் அன்றைக்கே முடிவாயிற்று. வருடம் முழுக்க அவருக்கென்று இருந்தது ஏழு நாள். அந்த ஏழு நாளில்தான் இனிமேல் அவரைச் சுற்றி அதிகம் பேர் இருப்பார்கள் என்று ஆனது.

ஜூலை கடைசியில் நான் முட்டியை மூடி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். நீலப் பெட்டி வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை. வராதது எனக்கு வருத்தமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நான் கேட்ட ஒரு கேள்வியில் மூன்று பிள்ளைகள் திருந்திவிட்டார்கள், பெரியம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வாழ்க்கையில் நான் செய்த முதல் நல்ல காரியம் இதுதான் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகக்கூட எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

போன வருடம் பெரியம்மா காலமானார். தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அப்பா இப்போது ஆட்டோ ஓட்டுவதில்லை. தகவல் வந்ததும் நானும் அவரும் அடையாறு வீட்டுக்குப் போனோம். கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருந்தார்கள். எல்லாம் முப்பத்தொன்றாம் தேதிகளில் எடுத்தவை. நடுவில் நாற்காலியில் பெரியம்மா, சுற்றிலும் இருபது முப்பது பேர், தோளில் கை, மடியில் குழந்தை, பக்கத்தில் கேக். வருடம் போகப் போகக் கூட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று, அவர் சின்னதாகிக்கொண்டே போனார். எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பொய்ச் சிரிப்பென்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை அவருக்குப் பிடிக்கும்.

தலை நரைத்த கடைசி மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உறவினர்களிடம் காட்டினார். “இவதான் அந்தப் பொண்ணு. அன்னிக்கு இவ மட்டும் சொல்லலேன்னா எங்கம்மா எங்களுக்குத் திரும்பக் கெடைச்சிருக்க மாட்டா.” எல்லோரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். 

திரும்பி வரும்போது கடற்கரைப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அங்கேதான் அப்பா காலண்டர் கதையைச் சொன்னார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ சின்னப் புள்ள. அழுவ. அப்புறம் பெருசாயிட்ட, பெருமையா சொல்லிக்கினு திரிஞ்ச. அதக் கெடுக்கறதுக்கு மனசு வர்ல” என்றார். அன்றைக்கு என்னால் அழ முடியவில்லை. இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

அந்த ஜூன் மாதக் காலையில் நாங்கள் கிளம்புகிறபோது நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. அப்பா வண்டியைக் கிளப்பப் போய்விட்டார். மகன் உள்ளே போனில் அண்ணாக்களிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மா சோபாவிலிருந்தபடி என்னைக் கூப்பிட்டு, “கையைக் காட்டு” என்றார். நான் வழக்கம்போல் முட்டியை இறுக்கி மூடி நீட்டினேன். கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தார். மேட்டைத் தட்டவில்லை. என் சுண்டு விரலைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு அடுத்த விரல், அதற்கடுத்தது. மெல்ல, வலிக்காமல், ஒவ்வொரு விரலாக என் கை முழுவதையும் பிரித்துவிட்டார். மேடுகள் எல்லாம் போய்க் கை தட்டையாகிவிட்டது.

எனக்கு ஏதோ கொடுக்கத்தான் கையை விரிக்கிறார் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்திருக்கிறேனே. அவர் தன் கையை எடுத்துக்கொண்ட பிறகும், விரித்த கையை மடக்காமல் அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டே நின்றேன், அப்பா வந்து கூப்பிடும் வரை.